நாலு கிலோ இருநூறு

ஜூன் 3, திங்கள்

நான் வேலை பார்க்கிற லாரி எடைமேடையின் ஓனர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. லாரி நம்பர் எழுத என்று கொடுத்தார். நம்பரையெல்லாம் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்கிறது. அதனால் என் பயத்தை இதில் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் நல்லசிவம் மாமா இதைத் தொட மாட்டார். பட்டறையில் லாரிக்கு பாடி கட்டுகிற மனுஷன், வெல்டிங் கம்பியைத் தவிர வேறு எதையும் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.

வைதேகி டாக்டர் இன்று வயிற்றை டேப் வைத்து அளந்தார். இருபத்தெட்டு வாரத்துக்கு இருபத்தெட்டு சென்டிமீட்டர் இருந்தால் போதுமாம். முப்பத்தொன்று இருந்தது.

"மொதல் கொழந்தை எத்தனை கிலோ?"

"நாலு கிலோ இருநூறுங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "நார்மல் டெலிவரியா?"

"ஆமாங்க. தலை வந்திருச்சுங்க. தோள்தான் மாட்டிக்கிச்சுங்க."

அந்த முதல் குழந்தை தாரணி பக்கத்திலேயே நின்று மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை வலது கையால் உருட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வயசாகிறது. இடது கை எப்போதும் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

போன வாரம் குளுக்கோஸ் தண்ணி குடித்து எடுத்த டெஸ்டில் சுகர் 174. இந்தத் தடவை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன், அதனால் கணக்கு சரியாகத்தான் இருக்கும். விரலில் குத்திப் பார்க்க ஒரு மெஷினும், எழுதி வைக்க ஒரு நோட்டும் கொடுத்தார்கள். சுகர் ஏறினால் குழந்தைக்குத் தோளிலும் வயிற்றிலும் சதை போடுமாம். தலை நுழைந்த வழியில் தோள் நுழையாதாம்.

மாரியாத்தா, எனக்கு நிறம் வேண்டாம், படிப்பு வேண்டாம். இந்தக் குழந்தை ரெண்டு கையையும் தூக்கினால் போதும்.

ஜூன் 4, செவ்வாய்

வெறும் வயிற்றுக்கு 91 என்று எழுதினேன். மதியம் சாப்பிட்ட பிறகு 118 என்று எழுதினேன். விரல் நுனி நோகிறது.

ஜூன் 12, புதன்

இன்று ஒரு மக்காச்சோள லாரிக்காரனைப் பிடித்தேன். லோடோடு எடை போடும்போது கேபினுக்குள் நாலு கேன் தண்ணி. இறக்கிவிட்டுக் காலி வண்டியை எடை போட வரும்போது கேன் ஒன்றுகூட இல்லை. சோளத்தோடு தண்ணியையும் சேர்த்து விற்கப் பார்க்கிறான்.

"கேன் எங்கீங்கண்ணா?" என்றேன்.

"குடிச்சுட்டேன் அம்மிணி."

"எம்பது லிட்டரையுமா? ஏனுங்கண்ணா, நீங்க மனுசனா ஒட்டகமா?"

மேடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிவிட்டது. கம்ப்யூட்டரைத் திருப்பி அவனுக்குக் காட்டினேன். "சீட்டைக் கிழிச்சுப் போடலாங்கண்ணா, இது மறக்காதுங்க. போன மாசம் நீங்க வந்த காலி எடையும் இதுக்குள்ளதான் கிடக்குது." வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏழு வருஷமாக இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். யார் ஏமாற்றுகிறான் என்று டயரைப் பார்த்தே சொல்லுவேன்.

சாயங்காலம் சாந்தாமணி நங்கையா கச்சாயம் சுட்டுக்கொண்டு வந்தார். மாமாவின் அக்கா. வெல்லப் பாகு மணக்க மணக்க ஒரு தூக்குப் போசி நிறைய. "வயித்தப் பாரு, பெரிய பரங்கிக்காயாட்டம்! சிங்கக்குட்டிதான் போ. நல்லாத் தின்னு அம்மிணி" என்றார். மறுத்தால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் சுகர் என்று சொல்ல வேண்டும். மூன்று தின்றேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 121 என்று எழுதினேன்.

ஜூன் 21, வெள்ளி

தாரணிக்கு யூனிஃபார்ம் போடும்போது முதலில் இடது கையை நுழைக்க வேண்டும், பிறகுதான் வலது. மறந்துபோய் வலது கையை முதலில் நுழைத்துவிட்டால் மறுபடியும் கழற்ற வேண்டியதுதான். இன்று மறந்துவிட்டேன். "அம்மா, மொதல்ல சோம்பேறிக் கை" என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெயர் அவளே வைத்துக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் யாரோ கை ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறார்கள். "நான் பொறக்கறப்ப நர்ஸ் இழுத்துப்போட்டுட்டான்னு சொன்னேம்மா" என்றாள். மாமா சொல்லிக் கொடுத்தது. அஞ்சு வருஷமாக எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. ரெஜினா என்று அந்த நர்ஸ் பேரைக்கூட அவளுக்குத் தெரியும்.

நான் சடை பின்னிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 5, வெள்ளி

ஸ்கேன். முப்பத்திரண்டு வாரம். குழந்தை இப்போதே ரெண்டே முக்கால் கிலோவாம். தண்ணியும் அதிகமாம்.

வைதேகி டாக்டர் நோட்டைப் புரட்டினார். "எல்லாமே தொண்ணூறு, நூத்திருபதுன்னு அழகா இருக்கே பூங்கொடி. அப்புறம் கொழந்தை ஏன் இப்படி ஓடுது?"

"எங்க வம்சம் கொஞ்சம் தாட்டீகமுங்க."

"திங்கக்கிழமை அந்த மெஷினையும் கொண்டு வாங்க."

வரும் வழியில் பஸ்ஸில் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. எதற்கு என்று எழுத மாட்டேன்.

ஜூலை 8, திங்கள்

அந்த மெஷினுக்குள் எல்லாம் இருக்கிறது.

டாக்டர் ஒரு பட்டனை அமுக்கினார், அமுக்கிக்கொண்டே போனார். தேதியும் நேரமுமாக ஒவ்வொன்றாக வந்தது. 143. 188. 201. கச்சாயம் தின்ற அன்றைக்கு 226. ஊரிலுள்ள லாரிக்காரனுக்கெல்லாம் மெஷின் மறக்காது என்று பாடம் எடுத்தவள் நான். என் கண் முன்னால் இருந்த மெஷினை மறந்துவிட்டேனே! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

டாக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏன் மாத்தி எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பயமுங்க."

"எதுக்குப் பயம்? ஊசிக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஊசிக்குப் பயப்படுகிற ஆள் நானில்லை.

இன்று ராத்திரியிலிருந்து இன்சுலின். ஐந்து வாரம் வீணாகிவிட்டது என்றார். குழந்தை மேல் போட்ட சதையை இனிக் குறைக்க முடியாது, மேலே ஏறாமல்தான் பார்க்க முடியுமாம். படுத்தால் வயிற்றுக்குள் அது புரளுகிறது. தோள் எது, கை எது என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தெரியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஊசியை மாமாதான் போடுகிறார். வெல்டிங் பிடித்துக் காய்த்த கை, ஆனால் ஒருநாள்கூட வலித்ததில்லை. போட்டுவிட்டுத் தேய்த்துவிடுகிறார். இன்றைக்குத் தேய்த்துக்கொண்டே, "அன்னிக்கு அவ ஒழுங்காப் பாத்திருந்தா எம் புள்ள கை இப்படி ஆயிருக்குமா? போட்டனே ஒரு மனு! ஏத்துனேன்ல மலைக்கு!" என்றார்.

ரெஜினா சிஸ்டரை மலையூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றியதைச் சொல்கிறார். மனுவை அவர் எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்தியது நான்.

இன்று வெறும் வயிற்றுக்கு 98 வந்தது. வந்ததுதான், மாற்றவில்லை.

ஜூலை 29, திங்கள்

குழந்தை மூன்று கிலோ எண்ணூறு. இன்னும் நாலு வாரம் பாக்கி.

"ஸ்கேன் எடை அரைக் கிலோ முன்னப்பின்ன இருக்கும்" என்றார் டாக்டர். முப்பது டன் லாரியில் என் மேடை இருபது கிலோதான் முன்னப்பின்ன காட்டும். அரைக் கிலோ என்றால் என்ன அர்த்தம்? மூன்று முன்னூறா, நாலு முன்னூறா? ஒன்று தாங்கலாம், இன்னொன்று தாரணியைவிட அதிகம்.

ஏற்கனவே தோள் மாட்டிய கேஸ், சுகர் வேறு, அதனால் ஆபரேஷன்தான் என்றார். ஆகஸ்ட் பன்னிரண்டு. அதற்கு முன்னால் வலி வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வரச் சொன்னார். இங்கிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். கொஞ்சம் மூச்சு வந்தது.

மாமாவும் தாரணியும் நானும் வராந்தாவுக்கு வந்தோம். எதிரில் ரெஜினா சிஸ்டர். திரும்ப இங்கேயே மாற்றலாகி வந்துவிட்டாராம். தலை பாதி நரைத்திருந்தது. எங்களைப் பார்த்து நின்றார். பிறகு தாரணியைப் பார்த்து, "நல்லா வளந்துட்டியே கண்ணு" என்று கையை நீட்டினார்.

மாமா குழந்தையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "தொட்டீங்கன்னா நடக்கறதே வேற."

வெளியே வந்ததும் முடிவு செய்துவிட்டார். இந்த ஆஸ்பத்திரி வேண்டாம், சேலத்துக்குப் போகிறோம். ஒன்றரை மணி நேரம் ஆகுமே என்றேன். "ஆவட்டும். இன்னொரு புள்ளையையும் அவ கையில குடுக்கச் சொல்றியா?"

சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. சைடு ஸ்டாண்டை எடுங்க என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஊரே ஆற்றுக்குப் போய்விட்டது. நங்கையா வந்து, "ஆடியில அறுக்க வேண்டாம், ஆவணி ஒண்ணுக்குத் தள்ளச் சொல்லு" என்றார். "வயித்துக்குள்ள இருக்கறது காலண்டரு பாக்குமாக்கா?" என்று மாமா அவர் மேல் விழுந்தார்.

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையிலிருந்து இடுப்பைப் பிடிக்கிறது. பொய் வலியாக இருக்கும். துணி ஊறப்போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று எழுத எழுந்து உட்கார முடியவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அது பொய் வலி இல்லை. முந்தாநாள் பத்தரை மணிக்குத் துணி அலசக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. மாமா பட்டறைக்காரர் காரை வாங்கிக்கொண்டு பறந்து வந்தார். தாரணியை நங்கையாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். பைபாஸ் வந்ததும் கார் இடது பக்கம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை. நேராகச் சேலத்துக்கு.

கால் மணி நேரம் போயிருக்கும். பனிக்குடம் உடைந்து சீட்டெல்லாம் நனைந்தது. வலி இடைவெளி விடாமல் வந்தது. இரண்டாவது பிள்ளைக்கு இப்படித்தான் வேகமாக வரும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ரோட்டிலேயே தலை வந்து தோள் மாட்டினால்? இந்தக் காருக்குள் யார் இருக்கிறார்கள்? நானும் மாமாவும்தான்.

"மாமா, வண்டியத் திருப்புங்க."

"பல்லைக் கடிச்சுக்க பூங்கொடி, வெசையாப் போயர்லாம்."

"திருப்புங்கங்கறேன்!"

"அவ கைக்கா? எம் புள்ளையக் கெடுத்தவ கைக்கா?"

"அவங்க கெடுக்கலீங்க. நான் கெடுத்தேன்."

சொல்லிவிட்டேன். வலிக்கு நடுவில், மூச்சு வாங்கி வாங்கி, அத்தனையும் சொன்னேன். தாரணி வயிற்றில் இருந்தபோது அதே குளுக்கோஸ் டெஸ்ட். ஒரு டம்ளர் தித்திப்புத் தண்ணி. ரெண்டு வாய் குடித்தேன், குமட்டிக்கொண்டு வந்தது, யாரும் பார்க்காதபோது மிச்சத்தை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டேன். குடித்துவிட்டேன் என்று சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள், சுகர் இல்லை என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? ஒரு மாசம் முழுக்க மாம்பழமும் வெல்லப் பூரணம் வைத்த ஒப்பிட்டுமாகத் தின்றேன். நாலு கிலோ இருநூறு ஆகும் என்று எனக்கும் தெரியாது, ரெஜினா சிஸ்டருக்கும் தெரியாது. தலை வெளியே, தோள் உள்ளே. மூச்சு நிற்பதற்குள் எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும் என்று எடுத்தார். அவர் எடுக்காவிட்டால் தாரணியே இல்லை.

"இந்தத் தடவை முழுசாக் குடிச்சேன் மாமா, சுகர்னு வந்திருச்சு. அப்பவே புரிஞ்சிருச்சு, அப்பவும் இருந்திருக்குதுன்னு. ஊசி போடற அளவுக்கு இப்ப இருக்குதுன்னா அப்ப ஏன் வரலீன்னு கேப்பாங்களோன்னுதான் நோட்டுல மாத்தி எழுதினேன். நீங்க கேப்பீங்கன்னு பயந்தேன்."

அவர் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தார். ஒரு வலி வந்து போனது. அவ்வளவு நேரம்தான் இருந்திருக்கும், எனக்கு ஒரு யுகமாக இருந்தது. என்னை அங்கேயே இறக்கிவிட்டிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

பிறகு கியர் போட்டார். திரும்புகிற இடம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தது. அதுவரை போய்த் திரும்பி வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு வந்தது ரெஜினா சிஸ்டர்தான். கை வைத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ஆபரேஷனுக்கு நேரமில்ல. தலை கீழ வந்துருச்சு." உடனே திரும்பிச் சத்தம் போட்டார். "வைதேகி மேடத்தக் கூப்புடு! கொழந்தை டாக்டர் வேணும்! ரெண்டு பேரு காலுக்கு வாங்க! பெரிய கொழந்தை, சுகர் இருக்கு, போன தடவை தோள் மாட்டினது!"

மாமா கதவோரம் நின்றிருந்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிஸ்டர் அவரைப் பார்க்கவே இல்லை. "நீங்க வெளிய நில்லுங்க."

தலை வந்தது. வந்த தலை ஆமை மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. அஞ்சு வருஷம் முன்னால் கேட்ட அதே நிசப்தம்.

"முக்காத பூங்கொடி! முக்கவே கூடாது!" ரெஜினா சிஸ்டர் குரல். "டைம் பாரு!"

ரெண்டு நர்ஸுகள் என் தொடை ரெண்டையும் மடக்கி வயிற்றோடு அமுக்கினார்கள். இன்னொருத்தி அடிவயிற்று எலும்புக்கு மேல் உள்ளங்கையை வைத்துச் சாய்த்து அழுத்தினாள். "முப்பது செகண்ட்" என்று யாரோ சொன்னார்கள். வைதேகி டாக்டர் எப்போது வந்தார் என்று தெரியாது. "தலைய இழுக்காதீங்க, யாரும் இழுக்காதீங்க" என்றார். "ஒரு நிமிஷம்." நான் சாமி பேர் எதையும் சொல்லவில்லை. கை, கை, கை என்று கத்திக்கொண்டிருந்தேனாம். பிறகு சொன்னார்கள். டாக்டர் கை உள்ளே போனது. உயிர் போய்த் திரும்பி வந்தது. "பின்னாடிக் கை கெடச்சுருச்சு, வருது, வருது..." "ஒண்ணே முக்கால் நிமிஷம்."

வந்துவிட்டது.

அழவில்லை. எண்ணினேன். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு. ஏழு வரை எண்ணியபோது அழுதது.

"கை?" என்றேன்.

ரெஜினா சிஸ்டர் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். பொம்பளைப் பிள்ளை. கை அசைகிறதா என்று பார்க்க, திடீரென்று கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். குழந்தை திடுக்கிட்டு ரெண்டு கையையும் விரித்து உயரத் தூக்கியது. ரெண்டையும்! இடது, வலது, ரெண்டையும்! நான் அழுத அழுகையில் தையல் போட முடியவில்லை என்று டாக்டர் திட்டினார்.

நாலு கிலோ முன்னூற்று அறுபது. மறுபடி எடை போடச் சொன்னேன். தொழில் புத்தி. அதே எடைதான்.

சாயங்காலம் சிஸ்டர் பாப்பாவின் குதிகாலில் குத்திச் சுகர் பார்க்க வந்தார். அம்மாவுக்குச் சுகர் இருந்தால் பிள்ளைக்குப் பிறந்ததும் இறங்கிவிடுமாம். 39 இருந்தது. பால் கொடுத்து மறுபடி பார்த்ததில் 58. அப்போது அவரிடம் சொன்னேன், வாஷ்பேசினில் ஊற்றியதை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பாப்பாவின் காலில் பஞ்சை வைத்துப் பிடித்தார்.

"அன்னிக்கு அந்த ரூம்ல நான் ஒருத்திதாம்மா இருந்தேன்" என்றார். "சின்ன உடம்பு, சுகர் இல்ல, சாதாரண கேஸ்னு எழுதியிருந்தது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கும் இதே மாதிரி ஆறு பேர் நின்னுருப்போம்."



ஆகஸ்ட் 12, திங்கள்

இன்றைக்குத்தான் ஆபரேஷன் தேதி.

மாமா மூன்று நாளாக வருகிறார், கஞ்சி கொடுக்கிறார், பாப்பாவைத் தூக்குகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. மத்தியானம் ரெஜினா சிஸ்டர் வந்தபோது எழுந்து நின்றார். லுங்கியைத் தூக்கிக் கட்டியிருந்ததை இறக்கிவிட்டார்.

"அந்த மனுவ எழுதினது நாந்தானுங்க சிஸ்டர்."

"தெரியும். கையெழுத்து அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீங்க."

"அஞ்சு வருசம் மலையில..." துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"குளிருதான் ஆகல" என்றார் சிஸ்டர். "நகருங்க, ஊசி போடணும்."

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நங்கையா தாரணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து பாப்பாவின் வலது கையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். பிறகு இடது கையை. விட்டால் தானே தூக்குகிறதா என்று பார்த்தாள். தூக்கியது.

"அம்மா, பாப்பாவுக்குச் சோம்பேறிக் கையே இல்ல!" அவளுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அந்த நர்ஸு பாப்பாவ இழுக்கலயாம்மா?"

மாமா ஜன்னலோரம் நின்றிருந்தார். நாலு நாளைக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்கும் தெரியவில்லை. அவள் பெரியவளான பிறகு சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம். இப்படித்தான் ஐந்து வருஷம் போனது.

"இல்ல சாமி. உன்னையும் அவங்க இழுத்துப்போடல" என்றேன். "இக்கட்ட வா, எம் பக்கத்துல ஒக்காரு. அம்மா ஒரு தப்புப் பண்ணிட்டேன், சொல்றேன்."

அவள் இடது பக்கமாக வந்து ஒட்டி உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன்.